கட்டுமுன் காணும் வீடு

வீடு கட்டுவோர் எவரும் முதலில் அதனை மனத்திலே கட்டிக்கொள்கின்றனர். நிலையம் எடுப்பதற்கும் நாட்கல் வைப்பதற்கும் முன்னரே, எந்த யன்னலால் காலை வெயில் வரும், விளக்கு எங்கே நிற்கும், பாய் எங்கே விரிப்பது என்றெல்லாம் மனம் கணக்கிட்டு விடுகின்றது. ஆயினும் ஒருவர் மனத்தில் எழுந்த வீட்டை மற்றொருவர் காண இயலாது. மேசன் ஒருவகையாகவும் தச்சன் ஒருவகையாகவும் விளங்கிக்கொள்வர். வீட்டுக்காரி எண்ணியதோ வேறாக இருக்கும். சுவர் எழும்பிய பின்னரே வேற்றுமை தெரியவரும். அப்பொழுது காசும் கரைந்திருக்கும்.

இக்குறையைப் போக்க மனிதர் கண்ட வழிகள் பல. அவற்றுள் கடைசியாக வந்தது, இன்னும் கட்டப்படாத வீட்டின் உட்புறத்தைப் புகைப்படமோ என்று மயங்கும்படி கணனியைக் கொண்டு தீட்டுகின்ற கலை. இன்று கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டுமன்றிச் சிறிய ஊர்களிலும் இத்தகைய படங்கள் வீட்டுக்காரர் கைக்கு வருகின்றன. சுவரின் வர்ணம், தரையின் பளபளப்பு, மேசைமேல் விழும் வெயில் யாவும் அதிற் காணப்படுகின்றன. இப்படம் எவ்வாறு பிறந்தது? இதனை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவ்விரு வினாக்களுக்கும் விடை காண்பதற்கு, ஓர் அறைக்குள் வெளிச்சம் எவ்வாறு நடமாடுகின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மன்னார் நகருக்குத் தெற்கே, பெருநிலப் பக்கத்துக் கரையில் அமைந்துள்ளது வங்காலைக் கிராமம். கடற்றொழிலும் புனித ஆனாள் ஆலயமும் அவ்வூரின் அடையாளங்கள். அதனை அடுத்த சதுப்பு நிலமும் உவர்நிலமும் 2008ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. 2010ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் வரிசையிலும் சேர்க்கப்பட்டன. கடலும் உப்பு வெளியும் வெண்மணலும் சூழ்ந்த அத்தகைய கரையில் வெயிலுக்குக் குறைவில்லை. ஆகவே அங்கு வீடு கட்டியோர் வெயிலை உள்ளே விடாமலும் வெளிச்சத்தை மாத்திரம் அழைத்துக்கொள்ளவும் வழி தேடினர்.

பழைய கரையோர வீடொன்றை எண்ணிப் பார்ப்போம். பனையோலைக் கூரை தாழ்ந்து இறங்கியிருக்கும். சுவர்கள் சுண்ணாம்பு பூசப்பட்டவை. முற்றத்தில் வெண்மணல். நண்பகலில் வெயிலின் ஒரு கதிரேனும் நேராக வீட்டினுள் நுழையாது. எனினும் உள்ளே இருளில்லை. மணலில் விழுந்த வெயில் மேலெழுந்து தாழ்வாரத்தின் அடிப்புறத்தைத் தொடுகின்றது. அங்கிருந்து சுவருக்கும், சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்கும் தாவுகின்றது. புத்தகம் வாசிக்கும் சிறுவனின் ஏட்டில் விழும் வெளிச்சம் இவ்வாறு மூன்று நான்கு இடங்களில் மோதி வந்த வெளிச்சமே.

இதனை ஒரு சிறு கணக்கினால் விளக்கலாம். புதிதாகப் பூசிய வெண்சுண்ணாம்புச் சுவர் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 100க்கு 80 பங்கைத் திருப்பி அனுப்புகின்றது என்று கொள்வோம். இரண்டாவது வெண்சுவரில் மோதியபின் 64 பங்கும், மூன்றாவதில் மோதியபின் 51 பங்கும் எஞ்சும். சுவர் கருமரப் பலகையாகி 20 பங்கையே திருப்பி அனுப்புமாயின், இரண்டாவது மோதலின்பின் 4 பங்கு. மூன்றாவதன்பின் ஒரு பங்கும் இல்லை. ஒரே யன்னல், ஒரே வெயில். ஆயினும் ஓர் அறை வெளிச்சமாகவும் மற்றது இருளாகவும் இருப்பதன் காரணம் இதுவே. அறையொன்றை உள்ளவாறு தீட்ட விரும்புபவன் நேரே வரும் வெயிலை மட்டும் கணக்கிற் கொண்டால் தோற்றுவிடுவான். சுவருக்குச் சுவர் தாவும் ஒளியையும் பின்தொடர்தல் வேண்டும். இவ்வுண்மையைக் கணனிக்குக் கற்பிக்க அறிஞர்க்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

வரலாறு கணனியோடு தொடங்கவில்லை. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், இத்தாலிய நாட்டின் புளோரன்ஸ் நகரில், புருனெலெஸ்கி என்னும் சிற்பி ஒரு வேடிக்கை காட்டினார். அந்நகரின் ஞானஸ்நான மண்டபத்தை ஒரு பலகையிலே தீட்டி, அப்பலகையில் ஒரு சிறு துளையிட்டார். பலகையின் பின்னிருந்து அத்துளை வழியாக ஒற்றைக் கண்ணால் நோக்கி, எதிரே பிடித்த கண்ணாடியில் தெரியும் படத்தையும், கண்ணாடியை எடுத்துவிட்டால் தெரியும் மெய்யான மண்டபத்தையும் ஒப்பிடலாயிற்று. இரண்டும் பொருந்தின. தொலைவிலுள்ளவை எந்த விகிதத்திற் சிறுத்துத் தோன்றும் என்பதற்கு ஒழுங்கான கணக்கு உண்டு என்பது இதனால் நிலைநாட்டப்பட்டது. அக்கணக்கை அல்பெர்ட்டி என்பார் 1435ஆம் ஆண்டில் ஓவியம் பற்றிய நூலொன்றில் எழுதி வைத்தார். ஓவியத்தை மெய்ப்பொருளின் அருகே வைத்துச் சோதித்தல் என்ற வழக்கம் அன்று பிறந்தது. இதனை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று; ஐந்து நூற்றாண்டுகளின் பின் அதே சோதனை மீண்டும் நிகழ்ந்தது.

ஜெர்மனிய ஓவியரான டியூரர் 1525ஆம் ஆண்டில் வெளியிட்ட அளவை நூலில் ஒரு மரச்செதுக்குப் படம் உண்டு. மேசைமேல் யாழ் போன்ற ஓர் இசைக்கருவி. எதிர்ச்சுவரில் ஓர் ஆணி வளையம். வளையத்தினூடாக ஒரு நூல் இழுக்கப்பட்டு, அதன் முனையை ஒருவன் கருவியின் ஒவ்வொரு புள்ளியிலும் வைக்கின்றான். இடையே ஒரு மரச்சட்டம். நூல் சட்டத்தைக் கடக்கும் இடத்தை மற்றொருவன் குறித்துக்கொள்கின்றான். சுவரிலுள்ள வளையமே கண், நூலே பார்வைக் கோடு, சட்டமே படம். பிற்காலத்தில் கணனி செய்ததும் இதுவே. நூலுக்குப் பதில் எண்கள் வந்தன, அவ்வளவே வேறுபாடு.

கோடு பிடிபட்டது, ஒளி பிடிபடவில்லை. அதனைப் பிடித்தவர் ஒல்லாந்து நாட்டு ஓவியர். 1658ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் போர்த்துக்கேயரிடமிருந்து மன்னார்க் கோட்டையைக் கைப்பற்றினர். யாழ்ப்பாணத்துக்கு அண்மையிலுள்ள நெடுந்தீவுக்குத் தங்கள் நாட்டு டெல்வ்ற் நகரின் பெயரை இட்டவரும் அவர்களே. அவர்கள் மன்னாரில் அதிகாரஞ் செலுத்தத் தொடங்கிய அக்காலத்தை ஒட்டியே, அந்த டெல்வ்ற் நகரில் வெர்மீர் என்னும் ஓவியர் சிறிய அறைகளின் உட்புறத்தைத் தீட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கத்து யன்னல், வெண்சுவர், வேலையில் ஆழ்ந்த ஒரு பெண் என்பனவே அவர் ஓவியங்கள் பலவற்றின் பொருள். அச்சுவர் ஓரிடத்திலும் ஒரே வெண்மையாக இல்லை. யன்னலருகே ஒரு சாயல், அகலப் போகப் போக வேறொரு சாயல், நிழலுக்குள்ளும் ஒரு மெல்லிய வெளிச்சம். 1675ஆம் ஆண்டில் மறைந்த அவ்வோவியர் கண்ணாற் கண்டதைப் பிறர் எண்ணால் எழுதப் பல காலம் ஆயிற்று. 1760ஆம் ஆண்டில் லம்பேர்ட் என்னும் கணித அறிஞர், ஒளி சரிந்து விழும்போது பரப்பு எவ்வளவு மங்கும் என்பதற்கு விதி வகுத்தார். அவ்விதி இன்றும் கணனிக்குள் வேலை செய்கின்றது.

இனிக் கணனிக்கு வருவோம். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து என்னும் மாணவர், ஒளிப்பேனா ஒன்றினால் திரையிலே கோடு வரையவும் அதனைத் திருத்தவும் வழி செய்தார். அவர் வரைந்தவை கோடுகளே; கம்பிக் கூடு போன்றவை. 1968ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஆதர் அப்பெல், கண்ணிலிருந்து பொருளுக்கும் பொருளிலிருந்து விளக்குக்கும் கோடிழுத்து, இடையே ஏதேனும் மறிக்குமாயின் அவ்விடம் நிழல் என்று கணனி அறியும்படி செய்தார். டியூரரின் நூல் மறுபடியும் இழுக்கப்பட்டது.

அதன்பின் யூட்டா பல்கலைக்கழகம் இக்கலைக்குத் தாய்வீடாயிற்று. 1971ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டவரான கூரோ, வளைந்த பரப்பின்மேல் நிறம் படிப்படியாக மாறிச் செல்லும் முறையை வகுத்தார். வியட்நாம் நாட்டவரான பூய் துவோங் பொங், பளபளப்பான பொருளின்மேல் தோன்றும் ஒளிப்புள்ளியைக் கணக்கிடும் வழியைத் தந்தார். அவருடைய கட்டுரை வெளியான 1975ஆம் ஆண்டிலேயே இளவயதில் காலமானார். அதே ஆண்டில் மார்ட்டின் நியூவெல் என்பார், தம் வீட்டுத் தேநீர்ச் சாடியின் வடிவத்தை எண்களாக்கினார். வளைந்த வயிறும் மூக்கும் கைபிடியும் மூடியும் உடைய அச்சாடி, ஒளியைச் சோதிப்பதற்கு மிகப் பொருத்தமாயிருந்தது. உலகெங்கும் அதனையே வரைந்து பழகினர். மெய்யான சாடி இன்று கலிபோர்னியாவிலுள்ள கணனி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றது. வீட்டைத் தீட்டக் கணனி கற்றுக்கொண்ட முதற்பாடங்களுள் ஒன்று ஒரு வீட்டுப் பண்டமே.

1980ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ரேணர் விட்டெட், கண்ணாடியிற் பட்டுத் திரும்பும் கதிரையும் பளிங்கினூடு வளைந்து செல்லும் கதிரையும் பின்தொடரும் முறையை வெளியிட்டார். கட்டம்போட்ட தளத்தின்மேல் மிதக்கும் இரு பந்துகளின் படம் அறிஞரை வியக்க வைத்தது. அவ்வொரு படத்துக்கு அக்காலக் கணனி 74 நிமிடங்களை எடுத்துக்கொண்டது. எனினும் அம்முறையால் அறையொன்றைத் தீட்டியபோது குறை தென்பட்டது. பளபளப்பு நன்றாக இருந்தது. நிழலோ கரிபோல் இருந்தது. வெண்சுவரிலிருந்து வெண்சுவருக்குத் தாவும் மெல்லொளி அதில் இல்லை. வங்காலை வீட்டை அம்முறையால் தீட்டியிருந்தால், முற்றம் எரிய, உள்வீடு இருண்டு கிடந்திருக்கும்.

இக்குறையைத் தீர்த்த வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. உலைகளிலும் இயந்திரங்களிலும் ஒரு பரப்பிலிருந்து மற்றொரு பரப்புக்கு வெப்பம் எவ்வளவு செல்கின்றது என்று கணக்கிடும் முறையைப் பொறியியலாளர் நெடுங்காலமாகக் கையாண்டு வந்தனர். 1984ஆம் ஆண்டில் நியூயோர்க் மாநிலத்திலுள்ள கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோரல், ரொறன்ஸ், கிறீன்பேர்க், பற்றெயில் என்னும் நால்வர் அவ்வெப்பக் கணக்கை ஒளிக்கும் பொருத்தினர். அறையின் பரப்புகளைச் சிறு துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டும் ஏனைய துண்டுகளுக்கு அனுப்பும் ஒளியைக் கணக்கிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்ட அறை ஒரு பெட்டி. அதன் வெண்பரப்பில், அருகேயுள்ள வர்ணச் சுவரின் சாயல் மெல்லப் படிந்திருந்தது. செந்நிறச் சேலை உடுத்தவளின் அருகே நிற்கும் குழந்தையின் கன்னம் சிவப்பது போன்றதே இது. அடுத்த ஆண்டில் ஜப்பானிய அறிஞர் நிஷிதாவும் நாகமேயும் ஹிரோஷிமாவிலிருந்து இதனையொத்த முறையை வெளியிட்டனர்.

கோர்னெல் அறிஞர் அத்துடன் நிற்கவில்லை. அப்பெட்டியை மெய்யாகவே செய்தனர். அதனுள் விழும் ஒளியைக் கருவிகொண்டு அளந்தனர். மெய்ப்பெட்டியையும் கணனி தீட்டிய பெட்டியையும் அருகருகே வைத்து, ஒரு கமெராவினூடாக ஆட்களைப் பார்க்கச் செய்தனர். எது மெய், எது படம் என்று பார்த்தவரால் வேறுபடுத்த முடியவில்லை. இம்முடிவு 1986ஆம் ஆண்டில் வெளியாயிற்று. புருனெலெஸ்கி மண்டபத்தின் முன் செய்த சோதனையே இது. கணனிப் படத்துக்கு நம்பகத்தன்மை கிடைத்தது, அது அழகாக இருந்ததனாலன்று. அளவுகோலின் முன்னே நின்று தேறியதனாலேயே.

அதே 1986ஆம் ஆண்டில் கலிபோர்னியத் தொழில்நுட்ப நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கஜியா, இம்முறைகள் அனைத்தையும் தன்னுள் அடக்கும் ஒற்றைச் சமன்பாட்டை எழுதினார். ஓரிடத்திலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி, அவ்விடம் தானே வீசும் ஒளியும், எல்லாத் திசைகளிலிருந்தும் அங்கு வந்து விழுந்து திரும்பும் ஒளியும் சேர்ந்ததே என்பது அதன் சாரம். எல்லாத் திசைகளையும் கணக்கிடுதல் இயலாதாகையால், சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் சில கதிர்களை மட்டும் தெரிந்தெடுத்துச் சராசரி காண்பர். கதிர்கள் குறைவாயின் படம் புள்ளி புள்ளியாக இருக்கும். கூடக் கூடத் தெளியும். கணனிகளின் வேகம் பெருகியதும் இம்முறை எங்கும் பரவியது. பல்கேரியாவின் சோபியா நகரில் பிறந்த வீ-ரே என்னும் மென்பொருள் 2002ஆம் ஆண்டு முதல் கட்டிடக் கலைஞரின் கருவியாயிற்று. ஒல்லாந்து நாட்டில் தோன்றிய பிளெண்டர் அதே 2002ஆம் ஆண்டில் எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி திறந்துவிடப்பட்டது. இன்று மன்னாரிலுள்ள ஒரு மாணவன் காசின்றிப் பழகக்கூடிய கலை இது.

வணிகர் இதனை விரைவிற் கைப்பற்றினர். சுவீடன் நாட்டுத் தளபாட நிறுவனமான ஐக்கியா, 2006ஆம் ஆண்டில் தன் விலைப்பட்டியலில் ஒரு மரக் கதிரையின் கணனிப் படத்தைச் சேர்த்தது. 2014ஆம் ஆண்டளவில் அந்நிறுவனத்தின் பொருட்படங்களில் ஏறத்தாழ முக்காற் பங்கு கணனியில் தீட்டப்பட்டவையாயின. அடுக்களையும் படுக்கையறையும் என்று மக்கள் பார்த்து ஆசைப்பட்ட இடங்கள் பல, எங்கும் கட்டப்படாதவை. கோர்னெல் அறிஞரின் பெட்டிக்கு எதிரே மெய்ப்பெட்டி ஒன்று இருந்தது. விற்பனைக்காகத் தீட்டிய படத்துக்கு எதிரே அப்படி ஒன்று இருக்க வேண்டிய கட்டாயமில்லை. இங்கேதான் பார்ப்பவர் விழித்திருக்க வேண்டியுள்ளது.

இலங்கையில் இவ்விழிப்பு வெறும் இரசனைக்குரிய காரியமன்று. 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் பல்லாயிரம் குடும்பங்கள் வீடிழந்து நின்றன. மன்னார்க் கரையும் அதற்கு விலக்கன்று. இந்திய அரசின் 50,000 வீட்டுத்திட்டத்தில், வடக்கிலும் கிழக்கிலும் பெரும்பாலான வீடுகளை உரியவர்களே 550,000 ரூபா உதவியுடன் கட்டிக்கொண்டனர். பின்னர், 2016ஆம் ஆண்டில், 65,000 உருக்கு வீடுகளை அமைக்கும் வேறொரு யோசனை பெரும் விவாதத்துக்குள்ளாயிற்று. பார்வைக்கு அவை புதுமையாக இருந்தன. ஆயினும் வெப்பம், காற்றோட்டம், நீடித்த ஆயுள், பின்னர் அறைகளைக் கூட்டிக் கட்டும் வசதி ஆகியவை குறித்துப் பொறியியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் வினா எழுப்பினர். யோசனை முதலில் எண்ணியபடி நிறைவேறவில்லை. தோற்றத்தைக் கண்டு வீட்டை மதிப்பிடலாகாது என்பதற்கு அவ்விவாதம் சான்று.

அளவோடு கூடிய வரைபடத்தின் மதிப்புக்கும் இந்நாட்டிலேயே சான்றுண்டு. கட்டிடக் கலைஞர் ஜெப்ரி பாவா 1960களின் தொடக்கத்தில் கொழும்பில் எனா டி சில்வாவுக்காக முற்றம் நடுவே அமைந்த வீடொன்றைக் கட்டினார். அரை நூற்றாண்டின் பின் அவ்விடம் கைமாறியபோது, வீட்டை அளந்து, உறுப்புகளுக்கு இலக்கமிட்டுக் கழற்றி, பாவாவின் லுணுகங்கைத் தோட்டத்தில் மீண்டும் எழுப்பினர். தூண்டூணாக, கல்கல்லாக அளந்து பதிந்திருந்தமையாலேயே அது கூடிற்று.

ஆகவே, கணனிப் படத்தைக் கையிற் பெறும் வீட்டுக்காரர் சில வினாக்களைத் தயங்காது கேட்டல் வேண்டும். படத்திலுள்ள வெயில் எந்த ஊர் வெயில், எந்த மாதம், எத்தனை மணி? மன்னார்க் கரை ஏறக்குறைய வட அகலக்கோடு 9 பாகையை ஒட்டியது. அங்கே சித்திரைப் புத்தாண்டை அடுத்த நாட்களிலும் ஆகஸ்ட் மாத இறுதியிலும் நண்பகற் சூரியன் தலைக்கு நேரே நிற்கும். ஜூன் மாதத்தில் நண்பகற் சூரியன் வடபுறம் சாய்ந்திருக்கும். டிசம்பரில் தென்புறம் சாய்ந்திருக்கும். ஐரோப்பாவில் நண்பகல் வெயில் வடக்கு யன்னலால் வருவதில்லை. அந்நாட்டு வழக்கப்படி சூரியனை வைத்துத் தீட்டிய படம் மன்னாருக்குப் பொய்யாகும். ஊரின் இருப்பையும் நாளையும் நேரத்தையும் கொடுத்தால் மென்பொருள் சரியான வெயிலைத் தரும். கொடுக்க வேண்டியவர் மனிதரே.

அடுத்து, படம் எங்கே நின்று பார்க்கப்பட்டது? புருனெலெஸ்கியின் துளைபோல ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பார்வை நிலை உண்டு. பார்வைக் கோணத்தை மிக விரித்து வைத்தால், பத்தடி அறை மண்டபம்போலத் தோன்றும். சில வேளைகளில் சுவருக்கு அப்பால் நின்றும் பார்த்திருப்பர்; அங்கே எவரும் நிற்க இயலாது. எனவே படத்தோடு அடிக்கணக்கையும் கேட்டு, அவ்வளவை முற்றத்து மணலில் கோடு கீறி, பாயையும் மேசையையும் வைத்துப் பார்த்தல் நன்று.

இறுதியாக, படத்திலே தெரியாதது எது? தகரக் கூரையும் ஓலைக் கூரையும் படத்தில் ஒருங்கே அழகாக இருக்கலாம். அவற்றின் கீழே நண்பகலில் இருப்பவனுக்கே வேற்றுமை தெரியும். சோளகக் காற்று எந்த யன்னலால் வரும், வாடைக் காலத்து மழை எந்தக் கதவை நனைக்கும், கடலுப்பு எந்தக் கம்பியை அரிக்கும் என்பவற்றைப் படம் கூறாது. அறையின் ஒளியைக் கணனிக்குக் கற்பித்த கணக்கு, உண்மையில் வெப்பத்தின் கணக்காகப் பிறந்தது என்பதை முன்னர்க் கண்டோம். வெப்பத்தையும் காற்றையும் கணக்கிடும் மென்பொருள்களும் இன்று உண்டு. வெளிச்சத்தை அழகாகக் காட்டுபவர், அதே வீட்டின் வெப்பத்தையும் கணக்கிட்டுக் காட்டலாகாதா என்று கேட்பது வீட்டுக்காரரின் உரிமை.

இழந்த வீட்டின் இடத்தில் புதுவீடு எழுப்புவோர்க்கு இருமுறை கட்டும் வசதி இல்லை. அவர்களுக்குக் கட்டுமுன் காணும் வாய்ப்புப் பெரும் உதவி. ஒருவர் மனத்து வீட்டை மேசனும் தச்சனும் வீட்டாரும் ஒன்றாகக் காணுவர்; சுவர் எழுமுன்னே யன்னலை மாற்றலாம்; சிறுவன் படிக்கும் மூலைக்கு வெளிச்சம் போதுமா என்று பார்க்கலாம். அப்படம் ஊரின் வெயிலையும் சுவரின் சுண்ணாம்பையும் முற்றத்து மணலையும் உள்ளபடி எடுத்துக்கொண்டு தீட்டப்படுமாயின், வங்காலைக் கரையில் கட்டுபவர்க்கும் அது கைக்கொள்ளத்தக்க துணையாகும்.